வயலுக்கு ஒரு மரண அறிவித்தல்

தர்மபுரத்தில் பிரேமிளாவின் முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. குரலைத் தெரியாதவர்கள் இல்லை. கணவர் யோகலிங்கம் ஓட்டோ ஓட்டுவார். பின்சீற்றில் மைக்கோடு அவள் இருப்பாள். கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள் ஒன்று முன்னுக்கும் ஒன்று பின்னுக்குமாக வாய்பிளந்து நிற்கும். பதினொரு வருடமாக அந்தப் பக்கத்தில் திறந்த கடைகள், நடந்த திருவிழாக்கள், தொலைந்த மாடுகள், வென்ற வேட்பாளர்கள், தோற்ற வேட்பாளர்கள், கண்மூடியவர்கள் எல்லாரும் அவள் வாயால்தான் ஊருக்குள் வந்தார்கள்.

தொழிலில் அவளுக்கு இருந்தது ஒரே சட்டம். தாளில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து வாசிப்பாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். ஒரு தேர்தலில் மூன்று கட்சிகள் ஒரே கிழமையில் அவளைப் பிடித்தன. காலையில் ஒருவர் "மக்களின் ஒரே நம்பிக்கை" ஆனார். மத்தியானம் மற்றவர் "மக்களின் உண்மையான ஒரே நம்பிக்கை" ஆனார். பின்னேரம் வந்தவருக்குச் சொல் மிஞ்சவில்லை. "மக்களின் இறுதி நம்பிக்கை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றையும் ஒரே இனிமையோடு வாசித்தாள். முப்பத்தேழு பேர் இருந்த கூட்டத்தை "அலைகடலெனத் திரண்ட மக்கள் வெள்ளம்" என்று சொன்னபோதும் அவளுக்குக் கூச்சம் வரவில்லை. போர்க்காலத்தில் மூன்று வானொலிகளைக் கேட்டு வளர்ந்தவள் அவள். ஒன்று "விடுவிப்பு" என்றது, ஒன்று "தந்திரோபாயப் பின்வாங்கல்" என்றது, மற்றது "நிலைமை கவலையளிக்கிறது" என்றது. மூன்றும் சொன்னது அவளுடைய வீட்டுக் கூரை பறந்த கதையைத்தான்.

ஆனால் குரல் மட்டும் இரண்டு வைத்திருந்தாள்.

முதலாவது தள்ளுபடிக் குரல். கடை, கட்சி, கருத்தரங்கு எல்லாவற்றுக்கும் அதுதான். ஓட்டோ வேகமாகப் போகும், இடையிடையே சினிமாப் பாட்டு அடிக்கும், சொற்கள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடும். அதை ஒருவரும் காதுகொடுத்துக் கேட்பதில்லை. காகம் கத்துவதுபோல அதுவும் ஊரில் ஒரு சத்தம்.

இரண்டாவது செத்தவீட்டுக் குரல். பாட்டு இல்லை. ஓட்டோ ஆள் நடக்கும் வேகத்தில் ஊரும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் பிரேமிளா நிறுத்துவாள். அந்த நிறுத்தம் சும்மா இல்லை, குசினிக்குள் நிற்கிறவள் "எந்தக் கந்தையா?" என்று கேட்கவும், கதிரையில் இருக்கிறவர் "பரந்தன் மில்லடிக் கந்தையாவோ?" என்று யோசிக்கவும் விடுகிற இடம். அந்தக் குரல் வந்தால் தொலைக்காட்சியின் வாயை அடைப்பார்கள். சைக்கிளில் போகிறவன் இறங்கிக் காலை ஊன்றுவான். பெண்கள் படலைக்கு வருவார்கள். வன்னியில் அரசாங்கம் சொல்வதைச் சந்தேகிக்காத ஆள் இல்லை. மரண அறிவித்தலைச் சந்தேகித்த ஆளும் இல்லை. பிரேமிளாவும் செத்தவீட்டுக்குப் போய் ஆளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மைக்கைத் தொடுவாள்.

பங்குனி மாதம் ஒரு நாள் விதுசன் வந்தான். மடிப்புக் கலையாத சேட்டு, கழுத்தில் அடையாள அட்டை. அட்டையில் "சமூகத் தொடர்பாடல் இணைப்பாளர்" என்றிருந்தது. கொழும்பிலே பிறந்து வளர்ந்தவன், நல்ல மரியாதையான பிள்ளை. கொடுத்த தாளில் இப்படி இருந்தது:

"நீண்டகாலம் உழைத்துக் களைத்த எமது வயல் நிலங்களுக்கு இம்முறை சிறுபோகத்தில் ஓய்வளிக்கும் உன்னத திட்டம். இதனால் சேமிக்கப்படும் நீர் பிரதேச அபிவிருத்திக்குப் பயன்படுத்தப்படும். எதிர்வரும் வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பொதுநோக்கு மண்டபத்தில் நடைபெறும் கலந்துரையாடலில் ஆர்வமுள்ளோர் பங்குபற்றலாம்."

மாரியில் நிரம்பிய குளத்தில் மிஞ்சி நிற்கும் தண்ணீரைப் பார்த்து, கோடை நெல்லான சிறுபோகத்துக்கு ஆளுக்கு எவ்வளவு காணி விதைக்கலாம் என்று விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு கூடித் தீர்மானிப்பது வழக்கம். இரண்டு ஏக்கர்காரருக்கு அரை ஏக்கர் கிடைத்தால் நல்ல வருடம். பிரேமிளாவுக்கு வாய்க்காலின் கடைசிப் பக்கமாக இரண்டு ஏக்கர். அந்த அரை ஏக்கரில்தான் வீட்டுச் சாப்பாட்டு நெல்லும், மாரியில் வரும் அடுத்த காலபோகத்துக்கு விதைநெல்லும் வரவேண்டும். வயலுக்கு ஓய்வு என்றால் அவளுடைய பானைக்கும் ஓய்வு.

விதுசன் போனபின் யோகலிங்கம் தாளை இரண்டு தரம் வாசித்தார். போன கிழமைதான் காட்டோரத்தில் முளைத்த வாழைக் கம்பனிக்கு லொறியில் வந்த குழாய்களை இறக்கக் கூலிக்குப் போய்வந்தவர் அவர். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு ஆள் படுக்கலாம் என்று சொன்னார். தாளில் கம்பனி இல்லை, வாழை இல்லை, குழாயும் இல்லை. அபிவிருத்தி மட்டும் இருந்தது.

அவள் மாட்டேன் என்றிருக்கலாம். மாட்டேன் என்றால் கிளிநொச்சியிலிருந்து வேறு ஓட்டோ வரும், இன்னும் உரத்த பாட்டோடு வரும். கூட்டத்துக்கு முப்பது பேர் வருவார்கள். அறிவித்தல் கொடுத்தாயிற்று என்பதற்கு வீடியோ இருக்கும். அமைப்பின் தலைவர் சிற்றம்பலம் வந்தவர்களின் கைகளை எண்ணுவார். தீர்மானம் நிறைவேறிவிடும். சொல்லில் ஒரு எழுத்தை மாற்றினால் அவளுடைய பதினொரு வருடச் சட்டம் போய்விடும், விதுசனை அனுப்பிய கம்பனியும் வழக்குக்கு வரும்.

அன்றிரவு அவள் நன்றாக நித்திரை கொண்டாள். காலையில் யோகலிங்கத்திடம் ஒரே ஒரு விசயம் சொன்னாள்.

"பாட்டுப் போடாதேங்கோ. மெதுவா விடுங்கோ."

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். ஓட்டோ ஊர்ந்தது.

"நீண்டகாலம் உழைத்துக் களைத்த…" நிறுத்தம். முதல் படலை திறந்தது. "எமது வயல் நிலங்களுக்கு…" நிறுத்தம். ஒரு சைக்கிள் நின்றது. "இம்முறை சிறுபோகத்தில் ஓய்வளிக்கும்…" எங்கோ ஒரு தொலைக்காட்சி அடங்கியது. "இதனால் சேமிக்கப்படும் நீர்…" என்று சொல்லிவிட்டு அவள் நிறுத்திய இடத்தில், வேலியோரம் நின்ற கமலாசனி தன்பாட்டில் கேட்டாள்: "ஆரின்ர நீர்?"

அவ்வளவுதான். பாட்டும் வேகமும் இருந்தால் அந்தக் கேள்விக்கு இடமே இருந்திராது. உன்னதம், அபிவிருத்தி, ஓய்வு என்று வந்த சொற்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் அழகு. நிறுத்தி வைத்தால் ஒவ்வொன்றும் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. தாளில் எழுதாததையும் ஊர் வாசித்து முடித்தது.

அத்தாட்சிக்கு யோகலிங்கம் அனுப்பிய முதல் சுற்றின் வீடியோவைப் பார்த்த விதுசன் உடனே அழைத்தான். அவனுக்குத் தெரிந்தது சொல். குரலின் ஊர்வழக்கு தெரியாது. "அக்கா, சூப்பர். நல்ல கம்பீரமா இருக்கு. இதே மாதிரி இன்னும் ரெண்டு நாளைக்குச் செய்யுங்க" என்றான். வாடிக்கையாளர் சொன்னபடி பிரேமிளா செய்தாள்.

வியாழக்கிழமை மண்டபத்தில் நாற்பது கதிரையும் கடிக்க நாற்பது ரோல்ஸும் இருந்தன. இருநூற்றுப் பதினான்கு பேர் வந்தார்கள். அறிவித்தலை அரைகுறையாகக் கேட்ட இரண்டு கிழவர்கள் வெள்ளை வேட்டியும் தோளில் துவாயுமாக வந்து, பிரேதம் எங்கே என்று வாசலில் விசாரித்தார்கள். விதுசன் திரையில் பச்சைப் பச்சையாகப் படங்கள் காட்டினான். மண்ணின் களைப்பு பற்றி ஆங்கிலச் சொற்கள் கலந்து உருக்கமாகப் பேசினான். அவன் மூச்சு வாங்க நிறுத்தியபோது கமலாசனி எழும்பினாள்.

"தம்பி, வயல் களைச்சுப் போச்செண்டு உங்களிட்ட ஆர் சொன்னது? எங்களிட்ட அது ஒண்டும் சொல்லேல்லை."

மண்டபம் சிரித்தது. விதுசனும் சிரித்து, மண் பரிசோதனை அறிக்கை ஒன்று இருப்பதாகச் சொன்னான்.

"அது கிடக்கட்டும். தண்ணி எங்க போகுது?"

"பிரதேச அபிவிருத்திக்கு அம்மா."

"அபிவிருத்தின்ர வீடு எங்க இருக்கு? வாய்க்காலை எந்தப் பக்கம் வெட்டினா அங்க போகும்?"

அவன் சிற்றம்பலத்தைப் பார்த்தான். சிற்றம்பலம் கூரை விசிறியைப் பார்த்தார். பின்னாலிருந்து யோகலிங்கம், குழாய் எந்தப் பக்கம் இறங்கினது என்று தான் வேண்டுமென்றால் சொல்லலாம் என்றார், சொல்லியும் விட்டார். அதற்குப் பிறகு வாழை என்ற சொல் மண்டபத்தில் கால்மணிநேரம் நின்றது.

கையுயர்த்தச் சொன்னார்கள். திட்டத்துக்கு ஒன்பது கை. அதில் இரண்டு, வெள்ளை வேட்டிக் கிழவர்கள் தேத்தண்ணி கேட்டு உயர்த்தியவை என்று பிறகு தெரிந்தது. சிறுபோகம் வழக்கம்போல, ஏக்கருக்குக் கால் ஏக்கர் என்று தீர்மானம் எழுதப்பட்டது. தான் எப்போதும் கமக்காரர் பக்கம் என்று சிற்றம்பலம் எழுந்து நின்று அறிவித்தார். ஒரு மாதத்துக்கு முன்பே கம்பனிக்குச் சம்மதக் கடிதம் கொடுத்திருந்தவர் அவர். அடுத்த நாள் ஒரு இணையத்தளம் மண்டபம் நிறைந்த படத்தைப் போட்டு, "மாதிரித் திட்டத்துக்குத் தர்மபுரத்தில் அமோக ஆதரவு: 214 விவசாயிகள் திரண்டனர்" என்று எழுதியது. எண்ணிக்கை மட்டும் சரி.

விதுசன் கோபிக்கவில்லை. தாளையும் வீடியோவையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டிருக்கிறான்; பிழை ஒன்றும் அகப்படவில்லை. திரும்பிப் போகுமுன் வந்து, அந்தக் குரலில் ஒரு பயிற்சிப் பட்டறை நடத்த முடியுமா என்று கேட்டான். பிரேமிளா குடிக்கப் பிளேன்ரீ கொடுத்து அனுப்பினாள்.

சித்திரை முடிவில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. தன்னுடைய முறை நாளில் அரை ஏக்கரில் கணுக்கால் தண்ணீருக்குள் அவள் நின்றபோது கைத்தொலைபேசி அடித்தது. கமலாசனி.

"பிள்ளை, காலமை நீ சொல்லிக்கொண்டு போனது, கௌசலான்ர மாமி செத்திட்டா எண்டு. உண்மையாவே செத்தவாவோ?"

பதினொரு வருடத்தில் ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி அது.

"ஓம் அன்ரி. நான் போய்ப் பாத்திட்டுத்தான் சொன்னனான். நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கினம்."

"அப்ப சரி. அங்க கையுயர்த்தச் சொல்லமாட்டினம்தானே?"

"இல்லை அன்ரி. இனி அந்தக் குரல் செத்தவைக்கு மட்டுந்தான்."

"வென்றபிறகு நல்லாத்தான் கதைக்கிறாய். சரி, வாறன்."

தொலைபேசியை மடியில் செருகிவிட்டுப் பிரேமிளா மண்வெட்டியை எடுத்தாள். அவளுடைய தண்ணீர் நேரம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வரம்பின் வாயை மண் போட்டு அடைத்து, தண்ணீரை அடுத்த வயலுக்குத் திருப்பிவிட்டாள்.