பழவேற்காடு: ஒரு ரப்பர் வளையமும் என் வாயடைப்பும்

பழவேற்காட்டுக்கு நான் பறவை பார்க்கப் போகவில்லை. பொறாமையில் போனேன். என் சகலை தேசிங்கு லைட்ஹவுஸ் குப்பத்தில் படகு மெக்கானிக். நான் அம்பத்தூரில், கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல் வளையங்கள் செய்யும் கம்பெனி ஒன்றின் சோதனைக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். "தேசிங்கு கை வச்சா செத்த இன்ஜினும் ஓடுதாம்" என்று என் மனைவி மாதத்துக்கு நாலு தடவையாவது சொல்வாள். என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் "ஏதோ ரப்பர் கம்பெனி" என்பாள். அப்படி என்னதான் கிழிக்கிறான், பார்த்துவிடலாம் என்று போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கிளம்பினேன்.

காலை 5.40க்குப் புறப்பட்டு, செங்குன்றம், தச்சூர், பொன்னேரி வழியாக 57 கி.மீ. போக வரப் பெட்ரோல் 230 ரூபாய். ரயிலில் வருகிறவர்கள் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். கடைத்தெருவில் இட்லியும் வடையும் 40 ரூபாய். பாலத்திலிருந்து பூநாரைகள் தெரிந்தன. நின்று பார்க்கும் மனநிலை எனக்கு இல்லை.

7.30க்குக் குப்பத்தில் இருந்தேன். கன்னியம்மா என்பவரின் ஃபைபர் படகு மூன்று நாளாகக் கரையில் கிடந்ததாம். அந்தப் படகுக்குள் தேசிங்கு இன்ஜினைப் பிரித்துப் போட்டுக் குனிந்திருந்தான்.

"வாங்க சகல, அந்த வளையத்த எடுங்க" என்று தலையை மட்டும் திருப்பிப் பார்த்துக் கையை நீட்டினான்.

தட்டில் இருந்த கறுப்பு வளையத்தை எடுத்து இழுத்துவிட்டேன். துள்ளிக்கொண்டு பழைய அளவுக்கே வந்தது. மோந்தும் பார்த்தேன். இயற்கை ரப்பர்! பன்னிரண்டு வருட மூக்கு, தப்பாது. இயற்கை ரப்பருக்கு இழுவையும் உழைப்பும் அதிகம், ஆனால் டீசல் ஆகாது. ஊறி உப்பி, உட்காரும் பள்ளத்தை விட்டுப் பிதுங்கும். டீசலுக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் வேண்டும். தேசிங்கின் இடது கையில் டீசல் குழாய் இருந்தது. நான் கொடுத்த வளையத்தோடு வலது கை இன்ஜினுக்குள் போனது.

வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை.

"தேசிங்கு இன்ஜின பாக்க சொல்லோ எனக்கு இன்னா பயம்?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கன்னியம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடலில் இன்ஜின் நின்று போகட்டும், வேறு படகில் கட்டி இழுத்து வரட்டும், இவர் அதைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். யாருக்கும் ஏதும் ஆக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் முகத்துவாரத்து அலையில் இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்பது தெரியாதவனும் இல்லை.

9.15க்குப் படகு புறப்பட்டது. கன்னியம்மாவின் கணவரோடு, இன்ஜின் ஓட்டத்தைப் பார்க்கத் தேசிங்கும் ஏறிக்கொண்டான். ஏறும்போது எனக்குக் கையாட்டினான்.

நேரத்தைப் போக்க டச்சுக் கல்லறைக்குப் போனேன். கட்டணம் இல்லை, அரை மணி நேரம் போதும். வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு ஐந்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை. குப்பத்துக்கே திரும்பினேன். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. மற்ற படகுகள் வந்துவிட்டன. கன்னியம்மா எழுந்து எழுந்து கடலைப் பார்த்தார்.

1.50க்குப் படகு வந்தது. ஒரே சீராக ஓடி வந்தது. எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். நிம்மதி அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை மாற்றி எழுதலாமா என்று யோசித்தேன், வேண்டாம்.

"மீன் பாடு நல்லா இருந்திச்சு, அதான் லேட்டு" என்றான் தேசிங்கு.

"காலைல அந்த வளையம்... டீசலுக்கா போட்ட?"

"அய்ய, அது இன்ஜின குளிர வைக்கிற தண்ணி பம்புக்கு சகல. மணலோட தண்ணி வருது, அந்த ரப்பருதான் தேயாம தாங்குது. டீசல் பக்கம் நைட்ரைல் நேத்தே போட்டாச்சு. நீங்கதான போன தீபாவளிக்கு உக்கார வச்சு சொன்னீங்க?"

சொல்லியிருக்கிறேன். அன்று அவன் தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன்.

கன்னியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவருதான் அந்த ரப்பர் சகலயா? உங்க பேர சொல்லாம தேசிங்கு ஒரு சீலு கூட மாட்டாது. மொத தபா வந்துருக்கீங்க, நண்டு எடுத்துக்கினு போங்க" என்று பையில் ஆறு நண்டைப் போட்டுக் கையில் திணித்தார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வெயிலுக்கு முன் போய்விடுங்கள். சுற்றுலாப் படகுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள். நண்டு வாங்கினால் ஐஸ் போட்டு வாங்குங்கள். கறுப்பு வளையம் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள்: எண்ணெய் படும் இடத்துக்கு நைட்ரைல், வெயிலில் கிடப்பதற்கு ஈபிடிஎம், சூட்டுக்கு சிலிகான். எந்தப் பக்கம் மாட்டுகிறார்கள் என்று கேட்டுவிட்டு மனத்துக்குள் தீர்ப்பு எழுதுங்கள்.

எனக்குப் பொறாமை போகவில்லை. இப்போது அவனுடைய நல்ல மனதைப் பார்த்தும் பொறாமை. அன்று நான் வாயை மூடிக்கொண்டு நின்றதை அவனிடம் சொல்ல மூன்று முறை போன் செய்தேன். எடுத்ததும் "சொல்லுங்க சகல" என்கிறான், அவ்வளவு சந்தோஷமாக. நண்டு நன்றாக இருந்தது என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.