பாட்டு இல்லாத கேசட்

போன வாரம் தில்லை நகரில் ஒரு பல் டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. கடைவாயில் மிச்சமிருந்த ஒரே பல்லும் ஆட ஆரம்பித்துவிட்டது. மருமகள்தான் ஸ்கூட்டரில் உட்கார்த்தி அழைத்துப் போனாள். பேத்தி வயசில் ஒரு டாக்டர் பெண். நாற்காலியில் என்னைப் படுக்கப் போட்டு, வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ஊசி எடுக்கப் போனது. நான் திறந்த வாயோடு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கூரையிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. பாட்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஃபிரிட்ஜுக்குப் பக்தி முற்றினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு ரீங்காரம். நடுவில் தண்ணீர் சலசலக்கிறது. ஒரு குருவி கத்துகிறது. மறுபடி ரீங்காரம்.

"இது என்னம்மா?" என்று கேட்டேன்.

"நியூ ஏஜ் மியூசிக் பாட்டி. கேட்டா டென்ஷன் குறையும்."

புதுக்காலத்து இசை என்று அர்த்தமாம், மருமகள் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் டாக்டர் வாய்க்குள் பஞ்சை வைத்துவிட்டதால் சிரிக்க முடியவில்லை. இந்தப் புதுக்காலம் திருவானைக்காவலுக்கு நாற்பது வருஷம் முன்னாலேயே வந்து, எங்கள் வீட்டில் காபியும் குடித்துவிட்டுப் போய்விட்டது.

பஞ்சில் கிராம்பு எண்ணெய் வாசனை அடித்தது. கிராம்பு என்றாலே எனக்கு ராஜம்மாக்காதான். தொண்டைக்கு நல்லது என்று எந்நேரமும் கன்னத்தில் ஒரு கிராம்பை ஒதுக்கி வைத்திருப்பார். கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் என்று பாடப் போகிறவர். மண்ணச்சநல்லூர் அரிசி மில்காரர்கள் வீட்டு விசேஷம் எதுவும் அவர் இல்லாமல் நடக்காது. நான் திருவானைக்காவலில் அவர் வீட்டோடு தங்கி, சமையலுக்கும் மேல்வேலைக்கும் சேர்ந்தவள். அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. யாராவது பெயர் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்கிற ரகம்.

தம்பூரா போட வந்துகொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போனதும், அக்கா என்னை உட்கார வைத்தார். "நீதான்டி சரியான ஆளு. குனிஞ்ச தலை நிமிர மாட்ட, வாயத் திறக்க மாட்ட. தம்பூராவுக்கு வேற என்ன வேணும்?" என்றார். நாலு தந்தி. ஒன்றன்பின் ஒன்றாக விரலால் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். பாடுகிறவர் நிறுத்தும்வரை நிறுத்தக் கூடாது. எனக்குப் பிடித்துப்போயிற்று. தம்பூரா போடுகிறவளை யாரும் பார்ப்பதில்லை. தூணைப் பார்த்தாலும் பார்ப்பார்கள்.

அப்படி ஒரு கல்யாணத்தில்தான் அந்த வெள்ளைக்காரர் எங்களைக் கேட்டிருக்கிறார். ஸ்ரீரங்கத்தில் மாடி எடுத்துத் தங்கியிருந்தவர். நல்ல உயரம். எங்கள் வீட்டு நிலையில் மூன்று தடவை இடித்துக்கொண்டு, மூன்று தடவையும் நிலைக்கு ஒரு கும்பிடு போட்டார். கூட வந்தவர் சேவியர். சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். அவர்தான் பேச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக் கொடுத்தார். அக்கா பாட்டை டேப்பில் பிடித்துக்கொண்டு போக வேண்டுமாம்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை வருஷம் பாடியும் அவர் குரலை அவர் கேட்டதில்லை. "எனக்கு உள்ள இருந்துதான்டி கேக்குது. வெளிய இருந்து கேட்டா எப்பிடி இருக்கும்னு ஒரு தடவ தெரிஞ்சுக்கிட்டாப் போதும்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு கேசட்டைச் சேவியர் பிரித்ததும் அக்கா பிடுங்கிக்கொண்டார். சாமி படத்துக்கு முன்னால் வைத்து, அதன் மூலையில் குங்குமம் வைத்துக் கொடுத்தார். புது சைக்கிள், புது ஆட்டுக்கல், எது வீட்டுக்குள் வந்தாலும் பொட்டு வைக்காமல் தொட மாட்டார். "மெஷின் சிக்கிக்கும்க்கா" என்று சேவியர் முனகினார். "பொட்டு வெச்சா எதுவும் சிக்காது. நீ போடு."

அன்றைக்கு அக்கா அரை மணி நேரம் பாடினார். நான் கேட்டதிலேயே அதுதான் நல்ல பாட்டு. முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடு, கேப்போம்" என்றார். கரண்ட் போய்விட்டது. ஒரு மணி நேரம் விசிறிக்கொண்டு காத்திருந்தோம். வரவில்லை. நாளன்றைக்கு மறுபடி வருகிறோம், அப்போது போட்டுக் காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சொன்னபடி வந்தார்கள். இந்தத் தடவை சேவியர் மின்சார ஆர்மோனியம் மாதிரி ஒரு பெட்டியும் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர் ஏதோ சொன்னார். சேவியர் அதை அக்காவிடம் சொல்வதற்குள் இரண்டு தடவை எச்சில் விழுங்கினார்.

"அக்கா, இன்னைக்கு... பாட்டு வேணாமாம். தம்பூரா மட்டும் போதுமாம்."

"பாட்டு வேணாமா? சோறு போடாம எலைய மட்டும் போட்டு எந்திரிக்கச் சொல்றாரா?"

"அவங்க ஊர்ல இப்ப இதுதான்க்கா. வார்த்தை இருக்கக் கூடாது, தாளம் இருக்கக் கூடாது. எங்க ஆரம்பிச்சுது, எங்க முடியுதுன்னு தெரியக் கூடாது. இத பாட்டுக் கடையில விக்க மாட்டாங்களாம், ஊதுபத்தி, மூலிகை விக்கிற கடையில விப்பாங்களாம். கவனிச்சுக் கேக்கணும்னே இல்லையாம்."

"கவனிக்கவே வேணாம்னா எதுக்குய்யா போடணும்?"

இதைச் சேவியர் மொழிபெயர்த்ததும், வெள்ளைக்காரர் ஞானம் பெற்றவர் போலக் கண்ணை மூடித் தலையசைத்தார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் வீட்டுச் சோற்றைத் தின்கிறவள், அவர் போட்ட பாயில் உட்கார்ந்து, அவரைத் தள்ளிவிட்டு வாசிப்பதா? "வேணாம்க்கா" என்றேன். எனக்கே கேட்காத அளவுக்குச் சொன்னேன்.

"போடுடி. வந்தவங்க வெறுங்கையோட போக வேணாம். ஆனா மொதல்ல என் பாட்டப் போட்டுக் காட்டு சேவியரு."

"இத முடிச்சிருவோம்க்கா. அவருக்கு ரயிலுக்கு நேரமாகுது. முடிஞ்சதும் போடுறேன்."

அக்கா சமையல்கட்டுக்குப் போய்விட்டார். அங்கேயும் அவரை விடவில்லை. அரை மணி நேரத்துக்குப் பாத்திரம் உருட்டக் கூடாது, தாளிக்கக் கூடாது. ஊருக்கே எட்டும்படி பாடுகிறவர், கையில் கடுகை வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றார்.

சேவியர் பெட்டியில் மூன்று கட்டைகளை அழுத்தினார். அரை மணி நேரம் விரலை எடுக்காமல் இருக்க முடியாதே என்று யோசித்து, எங்கள் வீட்டுத் தராசின் எடைக்கற்கள் மூன்றை அந்தக் கட்டைகள்மேல் வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். வாசித்தது எடைக்கல்தான். காவிரிச் சலசலப்பும் வேண்டுமாம். அது கோடைக்காலம், காவிரியில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. கொல்லைக் குழாயைச் சன்னமாகத் திறந்து, கீழே அண்டாவை வைத்தார்கள். எந்தக் கூரையில் எந்த நதி கேட்டாலும் எனக்கு அந்த அண்டாதான் ஞாபகம் வரும்.

நான் தம்பூராவை மடியில் சாய்த்து மீட்ட ஆரம்பித்தேன். சேவியர் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து மெஷினில் போட்டு, மூடியை மூடினார். மூடுகிற நேரத்தில்தான் பார்த்தேன். மூலையில் சிவப்புப் பொட்டு.

அந்தக் காலத்துக் கேசட் தெரியும்தானே? பழையதன்மேல் புதிதைப் பதிந்தால் பழையது அழிந்துபோகும். உடனே நிறுத்தியிருந்தால் ஓரிரண்டு நிமிஷப் பாட்டுதான் போயிருக்கும். நான் சொல்லியிருக்கலாம். கையை எடுத்திருக்கலாம். ஆனால் தம்பூராவை நடுவில் நிறுத்தக் கூடாது. வெள்ளைக்காரர் கண்ணை மூடியிருக்கிறார். சேவியர் உதட்டில் விரலை வைத்திருக்கிறார். ஆண்களுக்கு நடுவில் வாயைத் திறந்து எனக்குப் பழக்கமில்லை. ஒருவேளை அது வேறு கேசட்டோ, அக்கா இதற்கும் பொட்டு வைத்திருப்பாரோ என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். விரல் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அரை மணி நேரம். அக்காவின் ஆலாபனை போயிருக்கும், பல்லவி போயிருக்கும் என்று கணக்காக எனக்குத் தெரிந்தது. அவருக்குப் பின்னால் உட்கார்ந்தே பழகியவள் இல்லையா?

முடிந்ததும் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சேவியர் கேசட்டைத் திரும்பச் சுற்றிப் போட்டார். ங்கொய்ங் என்று தம்பூரா. அக்கா சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

"ஏண்டி, அன்னைக்கு இவ்வளவு நேரமா சுருதி சேத்தேன்?"

டேப்பில் தண்ணீர் சலசலத்தது. அக்கா முகத்தில் சிரிப்பு மெல்ல நின்றது. சேவியர் கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீ பாத்தியாடி?"

தலையாட்டினேன்.

"ஒரு இருமலாச்சும் இருமித் தொலைச்சிருக்கக் கூடாதாடி?"

வெள்ளைக்காரர் விஷயம் தெரிந்து கையெடுத்துக் கும்பிட்டார். இன்னொரு தடவை பாடுங்கள், ரயில் போனால் போகட்டும் என்றார். அக்கா மாட்டேன் என்றுவிட்டார். "கடுகு தாளிக்கிற மாதிரியா? நெனச்சப்பல்லாம் வருமா?" பிறகும் யார் கேட்டும் மெஷின் முன்னால் அவர் உட்காரவில்லை. என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாவது நாள் ரசத்தில் உப்பில்லை என்று திட்டினார். நான் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து அந்தப் பதிவு கடைக் கேசட்டாகத் தபாலில் வந்தது. அட்டையில் தாமரை, மலை, நம்மூரில் இல்லாத ஒரு அருவி. அக்கா பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை, எடைக்கல் பெயரும் இல்லை. அதைக் கேட்க அக்காவே ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினார். மத்தியானம் சாப்பிட்டதும் போட்டுவிட்டுப் படுப்பார். ஐந்தே நிமிஷம், குறட்டை வந்துவிடும். "சும்மா சொல்லக் கூடாதுடி, நல்லாத்தான் தூக்கம் வருது" என்பார். நான் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்பேன். அடியில் எங்காவது அக்கா குரலின் ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்காதா என்று. இல்லை. சேவியர் நல்ல மெஷின்தான் கொண்டுவந்திருக்கிறார்.

அக்கா போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அவர் பாடிய பாட்டெல்லாம் எனக்கு வரிக்கு வரி தெரியும், எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பதும் தெரியும். குரலை மட்டும் மனசுக்குள் கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறது. கேட்டவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் மூக்கால்தான் பாடுவார். மேலே போகும்போது குரல் ஒரு இடத்தில் கரகரவென்று கீறும். அந்தக் கீறலை மறைக்க மாட்டார். கீறிய இடத்திலேயே நின்று, இன்னொரு தடவை பாடுவார்.