மஃரிபுக்கு நனையும் இலை

இது யாரும் கட்டிவிட்ட கதையில்லை. சாய்ந்தமருதில், எங்கள் ஒழுங்கையிலேயே, போன கச்சான் காற்றுக் காலத்தில் நடந்தது. பரீனா இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். போய்க் கேட்டால் தேத்தண்ணி தருவாள், பதில் தரமாட்டாள். பிறகு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் ஒழுங்கையில் மதில்களுக்கு உயரம் குறைவு.

பரீனாவுக்கும் தங்கச்சி றுக்ஸானாவுக்கும் ஒரே வளவு. வாப்பா அதைச் சீதனமாக இரண்டாகப் பிரித்து, நடுவில் மதிலைக் கட்டிக் கொடுத்தார். முன்பக்கம் மூத்தவளுக்கு, ரோட்டுப் புழுதியோடு. பின்பக்கம் சின்னவளுக்கு, கிணற்றோடு. அந்தக் கிணறு அன்றிலிருந்து பரீனாவின் நெஞ்சுக்குள்தான் கிடந்தது.

அதைவிடப் பெரிய எரிச்சல், உம்மா. சபியா உம்மா கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தது பரீனாவின் வீட்டில். கழுவியது, துடைத்தது, கஞ்சி பருக்கியது எல்லாம் பரீனா. ஆனால் கண்ணைத் திறந்தால் உம்மா கேட்பது, "றுக்ஸானா வரல்லியா?" கண்மூடி மௌத்தாகும்வரை அதே கேள்வி. "பரீனா" என்று ஒரு தடவை ஆசையாகக் கூப்பிட்டிருந்தால் பின்னால் வந்த ஒன்றுமே நடந்திருக்காது.

றுக்ஸானாவின் மரக்கறித் தோட்டத்தில் சென்சர் இருந்தது. கட்டாரில் வேலை செய்யும் அவளுடைய கணவன் மிஹ்லார் கொண்டுவந்து மாட்டியது. வயரில்லை. ஒவ்வொரு செடிக்கும் மண்ணில் குத்துவது ஒன்று. இலை வடிவில் ஒரு தகடு, கொப்புகளுக்கு நடுவே தொங்கும். மண் காய்ந்தாலும் இலை நனைந்தாலும் போனில் தெரியும். கல்யாண வீட்டில் சோற்றுச் சஹனுக்கு முன்னால் இருந்துகொண்டே றுக்ஸானா போனைப் பார்ப்பாள். கத்தரிக்குத் தண்ணி விடாய் வந்திட்டு என்பாள், கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க நேரமான மாதிரி. எங்களுக்கே வயிறு எரியும். பரீனாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

உம்மாவின் நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த கையோடு அவள் கணவன் றஸாக்கை அரித்தெடுத்து அதே சாமானை வாங்கிவிட்டாள். தங்கச்சியிடம் மூன்று இலைத் தகடு, இவளிடம் நாலு. அதுதான் முக்கியம். ஒன்று மதிலோரப் பாகலில், ஒன்று முற்றத்து றோசாவில், ஒன்று அடுப்படிக் கதவோரக் கறிவேப்பிலையில். நாலாவதைத் தொங்கவிடச் செடியில்லை. பெட்டியோடு உம்மா கிடந்த அறைக்குள் வைத்தாள்.

பொருத்தும்போது போன் என்னென்னவோ கேட்டது. எல்லாவற்றுக்கும் 'ஓம்' அழுத்தினாள். வைஃபையும் தங்கச்சியுடையதுதானே... தங்கச்சியின் தோட்டமும் சேர்ந்து அவளுடைய போனுக்குள் வந்துவிட்டது. எங்களில் யாருக்கும் அப்படியொரு கொடுப்பினை வாய்த்ததில்லை. பரீனா மூச்சுவிடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கே பின்னேரம் றுக்ஸானா கேற்றைப் பூட்டிக்கொண்டு, பிள்ளையோடு காத்தான்குடிக்கு மாமியார் வீட்டுக்குப் போனாள். ஏன் இந்த அவசரம் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு கேட்டுக்கொண்டிருந்தது. மணி 6.27. பரீனாவின் போன் 'டிங்' என்றது.

றுக்ஸானாவின் கத்தரி. இலை ஈரம்.

மழையில்லை. வறண்ட கச்சான் அடிக்கிற நாளில் பனியும் பிடிக்காது. வீட்டிலும் ஆளில்லை. அதோடு, மஃரிபுக்கு நாங்கள் கதவு ஜன்னல் சாத்திவிடுவோம். வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றமாட்டோம். அது கண்ணுக்குத் தெரியாத வேறு ஆட்கள் நடமாடும் நேரம்.

பிறகு மண் ஈரம். அடுத்தது மிளகாய். அடுத்தது வெண்டி. ஒவ்வொன்றிலும் முதலில் இலை, பிறகு வேர்.

பரீனா மதிலில் காதை வைத்தாள். சளக்... சளக்... கையால் அள்ளித் தெளிக்கும் சத்தம். இலைக்குத் தெளித்துவிட்டு வேருக்கு ஊற்றுவது இந்த ஊரில் ஒரே ஒரு ஆள். சபியா உம்மா.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெஞ்சு பற்றி எரிந்தது.

மௌத்தாகியும் சின்னவளுக்குத்தானா? அவள் ஊரில் இல்லாதபோதும் அவளுடைய கத்தரிக்குத்தானா?

மூன்று மஃரிபு பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அதற்கு மேல் முடியவில்லை. வாளியைக் கவிழ்த்து ஏறி எட்டிப் பார்த்தாள். ஆளில்லை. கிணற்றுக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. இலைகள் சொட்டின.

"உம்மா..." மதிலுக்கு மேலால் குனிந்தாள். "உங்கட மூத்திரத் துணி கழுவினது நான்தானே. என்ட பக்கமும் ஒருக்கா வாங்க."

சளக் சத்தம் நின்றது.

அடுத்த நாள். றஸாக் தொழப் பள்ளிக்குப் போய்விட்டார். பாங்கு முடிந்தது.

'டிங்'.

பரீனாவின் பாகல். இலை ஈரம்.

அவள் அழுதுவிட்டாள். தங்கச்சியின் தோட்டத்தைத் தட்டிப் பார்த்தாள். கத்தரி ஈரமில்லை. மிளகாய் ஈரமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

'டிங்'. றோசா.

முற்றம் தாண்டி வருகிறது...

'டிங்'. கறிவேப்பிலை.

அப்போதுதான் கவனித்தாள். மூன்றிலும் இலை மட்டுமே ஈரம். மண் காய்ந்தபடியே.

இது தண்ணீர் ஊற்றவில்லை. போகிற வழியில் இலையை உரசிக்கொண்டு போகிறது...

அடுப்படிக் கதவு உள்ளே பூட்டியிருந்தது.

"உம்மா?"



'டிங்'.

நாலாவது.

உம்மாவின் அறை... மூடிய பெட்டி...

இலை ஈரம்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. யாரோ மெதுவாகச் சாய்ந்து படுக்கிற சத்தம்.

றஸாக் வந்தபோது அவள் ஒழுங்கையில், தலைத்துணி இல்லாமல் நின்றாள். நாங்களும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தோம். அறையில் ஆளில்லை. மெத்தை மட்டும் பிழியலாம் போல ஊறிக் கிடந்தது.

றுக்ஸானா திரும்பி வந்ததும் பரீனா எல்லாவற்றையும் சொன்னாள். நடுக்கம் தீரவில்லை. ஆனாலும் கடைசியில் உம்மா தன்னைத் தேடித்தான் வந்தாங்க என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது.

றுக்ஸானாவின் முகம் வெளுத்தது.

"ராத்தா, அது உம்மா இல்ல."

"உனக்குப் பொறுக்கல்ல, என்ன?"

"இவர் சென்சர் மாட்டின அன்றையில இருந்து மஃரிபுக்கு மஃரிபு நனையுது. அப்ப உம்மா உயிரோட, உங்கட ஊட்டுல கிடந்தாங்க. தனிய இருக்கப் பயந்துதான் நான் காத்தான்குடிக்குப் போனது."



"இவ்வளவு நாளும் அது என்ட வாசல்படி ஏறினதில்ல," என்றாள் றுக்ஸானா. உம்மாவின் அறைப் பக்கம் திரும்பாமலே, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீங்க கூப்பிட்டீங்களா?"