பரமேசக்கா சுட்ட நரி

செவ்வாய்க்கிழமை காலை பரமேசக்காவின் மகள் போன் பண்ணினாள். “அம்மா போயிட்டா, அன்ரி. நித்திரையிலேயே.” தமிழில் அவ்வளவுதான் வந்தது, மிச்சத்தை இங்கிலீஷில் சொன்னாள். போனை வைத்த பிறகு என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். எண்பதைத் தாண்டியவர், வலியில்லாமல் போனார் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை.

இறுதிச் சடங்கில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே பெண்மணியைத்தான் வர்ணித்தார்கள். கோயில் சமையலறையில் புளிச்சாதம் கிளறியவர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர், சாந்தமே உருவானவர். சாந்தமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் துப்பாக்கி எடுத்து நரி சுட்டவர் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்வார்கள்? தெரிந்திருந்த அவர் கணவர் சிற்றம்பலம் அண்ணனும், பக்கத்து நிலத்துக் கெவினும் முன்பே போய்விட்டார்கள். மிச்சம் நான்தான். அதனால் எழுதுகிறேன்.

மெல்பனின் மேற்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்தகத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவர் யாழ்ப்பாணம், நான் மதுரை. அண்ணனுக்கு நிலத்தின்மேல் ஆசை. இன்றைய டார்னெய்ட் பக்கம் ஒரு பழைய வீட்டையும் கொஞ்சம் வெளியையும் வாங்கிப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரரின் சுவர் மூக்கில் இடிக்கிறது என்று இப்போது அங்கே சலித்துக்கொள்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அன்று அங்கே சுவர் என்றால் நிலத்தைப் பிரிக்கும் கருங்கல் சுவர்தான். மற்றதெல்லாம் காற்றும் முள்ளும் கெவினின் செம்மறிகளும்.

அக்காவின் அப்பா ஊரில் இறந்தபோது அவரால் போக முடியவில்லை. அன்றிலிருந்து விடியலில் சமைத்து, முதல் பிடிச் சோற்றைப் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, அந்தக் கல்சுவரில் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். காகம் தொட்டதைக் கண்ணால் பார்க்காமல் தான் ஒரு வாய் சாப்பிட மாட்டார். இந்த நாட்டுக் காகம் பிள்ளை அழுவதுபோல் கத்தும். அவருக்கு அதுவும் அப்பாவின் குரல்தான்.

கெவினுக்கு ஒரு குளிர்காலத்தில் நிறையக் குட்டிகள் போயின. பிறந்து ஈரம் காயாத குட்டிகளை நரி தூக்கிவிடும். அடுத்த குட்டி ஈனும் காலத்துக்கு முன்பே அவர் சுவரோரம் வந்து சோறு வைக்கும் கல்லைக் கைகாட்டினார். கல் முழுக்க நரியின் காலடி. காகம் மிச்சம் வைத்ததை அந்தியில் நரி வந்து நக்கியிருக்கிறது. “நீங்கள்தான் சோறு போட்டு வளர்த்திருக்கிறீர்கள், இந்த வருஷம் சுவர் நெடுக விஷ இறைச்சி வைக்கப் போகிறேன்” என்றார்.

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இறைச்சி வைத்தால் முதலில் வந்து கொத்துவது காகம்தான். மறுநாள் மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக்கொண்டே சொன்னார்: “விஷம் ஆர் எவர் எண்டு பாத்துக் கொல்லாது, வசந்தா. நான் கெவினிட்டைக் கேட்டிட்டன். விஷம் வைக்க வேண்டாம், நரியை நானே பாக்கிறன் எண்டு.”

சிரித்துவிட்டேன். முட்டை வைத்த கேக்கைக்கூடத் தொடாதவர் அவர்.

ஆனால் லைசன்ஸ் எடுத்தார். கெவினிடம் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. மருத்துவர் எழுதிய சீட்டில் சந்தேகம் வந்தால் எப்படித் துருவுவாரோ, அப்படி ஒவ்வொன்றையும் துருவினார். ரவை சிதறும் துப்பாக்கி வேண்டாம், கொஞ்சம் தள்ளி நின்றாலே நரியைக் காயப்படுத்தி ஓடவிடும். சிறிய டுவென்டி டூ ரைஃபிளும் வேண்டாம், அந்தக் குண்டு கருங்கல்லில் பட்டால் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. மூன்றாவதைத்தான் எடுத்தார். வேகமான, முனை மென்மையான தோட்டா. பட்ட இடத்திலேயே விரிந்துவிடும், தவறி மண்ணில் பட்டாலும் உடைந்துபோகும். “கொல்லுறது ஒரு பாவம். அரைகுறையாக் கொல்லுறது ரெண்டு பாவம்” என்றார். அந்த இலையுதிர்காலம் முழுக்க வார விடுமுறைகளில் மண்மேட்டில் ஜாம் டின்னை வைத்துச் சுட்டார். ஆரம்பத்தில் கேலி செய்த கெவின் பிறகு தானே டின்னை எடுத்து வைத்தார்.

காகத்துச் சோற்றையும் நிறுத்தவில்லை. காகம் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, மிச்சத்தை வழித்து உள்ளே கொண்டுபோய்விடுவார். கெவினுக்கு இது புரியவேயில்லை. சோற்றை விட்டுவைத்தால் நரி தானாக வரும், சமையலறை ஜன்னலிலிருந்தே சுடலாமே என்றார். அண்ணனும் அதையேதான் சொன்னார். நானும் சொன்னேன், “சோறு சோறுதானே அக்கா?”

“அப்பாவுக்கு வைச்ச சோறு. அதைச் சாப்பிட வந்ததை நான் சுடமாட்டன். நீர் இனி அந்தக் கதை கதையாதேயும்.”

குட்டிகள் பிறக்கத் தொடங்கின. சோறு கிடைக்காத நரி குட்டிகளைத் தேடியது. முதல் வாரமே இரண்டைக் காணோம். கெவின் மறுபடி விஷத்தைப் பற்றிப் பேசினார். அக்காவுக்குத் தூக்கம் போனது. மருந்தகத்தில் எழுதிய லேபிளையே திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்.

அந்தச் சனிக்கிழமை நான் அங்கே தங்கினேன். ஞாயிறு விடியலில் புல்லெல்லாம் உறைபனி. அக்காவுக்குச் சேலைக்கு மேல் அண்ணனின் ஓவர்கோட், திருநீறு மறையக் கம்பளித் தொப்பி. காற்று முகத்தில் அடிக்கும்படி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். உதட்டுக்கிடையில் தகர விசிலை வைத்து ஊதினார். அடிபட்ட முயல் கத்துவதுபோல் ஒரு சத்தம்.

நரி வந்தது. நேராக வரவில்லை, மோப்பம் பிடிக்கப் பக்கவாட்டில் சுற்றி வந்து நின்றது. நல்ல சிவப்பு. “சுடுங்கக்கா” என்றேன். “பின்னுக்கு ஆடு நிக்குது” என்று முணுமுணுத்தார். துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டார்.

நரி விசிலை மறந்து சுவரோரமாக நடந்தது. தினமும் சோறு வைக்கும் கல்லுக்குக் கீழே நின்று, முன்கால்களைத் தூக்கி வைத்து முகர்ந்தது. அன்றைக்கு இன்னும் சோறு வைக்கவில்லை, கல் வெறுமையாக இருந்தது. நரிக்குப் பின்னால் மண்மேடு. குண்டு வேறெங்கும் போகாது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். சுட்டார். ஒரே வெடி, நரி அங்கேயே விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். அவர் குளித்தார், சமைத்தார், கல்லைக் கழுவிச் சோறு வைத்தார். வெடிச் சத்தத்துக்குப் பயந்த காகங்கள் வரவில்லை. அவர் சாப்பிடவில்லை. திங்களன்றும் வரவில்லை. அன்று மாலை கெவின் நன்றி சொல்ல ஓர் ஆட்டுத்தொடையோடு வந்திருக்கிறார். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, மறுநாள் பேப்பரில் சுற்றி என்னிடம் தந்தார். மதுரைக்காரி நான், வீணாக்கவில்லை. ஆனால் அவர் இன்னும் பட்டினி என்று தெரிந்து கோபமாகச் சத்தம் போட்டேன், “காகம் வெடிக்குப் பயந்து போயிருக்கு, அவ்வளவுதான்.”

“இருக்கலாம். அப்பா கோவிச்சிருக்கவும் கூடும்.”

செவ்வாய் மதியம் வீட்டிலிருந்து அண்ணன் மருந்தகத்துக்குப் போன் பண்ணினார். காகம் வந்துவிட்டதாம். அக்கா போனை வைத்துவிட்டு, நின்றபடியே டப்பாவைத் திறந்து சாப்பிட்டார்.

அண்ணன் காலமான பிறகு ஒருநாள் கேட்டேன், அந்த நரியைச் சுட்டது சரியா என்று. “தெரியாது வசந்தா. இண்டைக்கும் தெரியாது” என்றார். தொடர்ந்து, “அவர் போன் பண்ணின அண்டைக்குக் காகம் வரேல்லை. அவர் பொய் சொன்னவர். போனிலேயே எனக்குத் தெரியும். அடுத்த கிழமைதான் வந்தது” என்றார்.

“பிறகு ஏன் சாப்பிட்டீங்க?”

“அவரும் அந்த ரெண்டு நாளும் சாப்பிடேல்லை.”

சாந்தமான பெண்மணி என்று தயவுசெய்து எழுதாதீர்கள். செய்ததற்குத் தானே பசி கிடந்தவர், பக்கத்தில் இன்னொருவர் பசி கிடந்தபோது தன் விரதத்தை விட்டுக்கொடுத்தவர். நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்வது இதைத்தான். நேற்று மகள் மறுபடி கூப்பிட்டாள். “நீங்க சாப்பிட்டீங்களா, அன்ரி?” அவள் சாப்பிடவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. “ஆமா, சாப்பிட்டேன். நீயும் போய்ச் சாப்பிடு” என்றேன். போனை வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தேன்.