வீங்கிய முகங்களும் என் கேமராவும்

போட்டோகிராபர் தொழிலில் மழைக்கு அடுத்தபடியாக என்னை அதிகம் படுத்தியது தலைக்கு அடிக்கிற டைதான். கல்யாணமோ பாஸ்போர்ட்டோ, எங்கள் ஜனங்கள் முதலில் தலையைக் கறுப்பாக்கிவிட்டுத்தான் நாகர்கோவிலில் இருக்கும் என் ஸ்டூடியோ படி ஏறுவார்கள். டை அடித்த அரிப்பில் காதோரம் சொறிந்தபடியே இதை வாசிக்கும் அன்பர்களே, நானும் உங்கள் ஆள்தான்.

விசா படம்

சவுதிக்குத் திரும்பப் போகிற ஏசி மெக்கானிக் ஒருவர் விசாவுக்குப் படம் எடுக்க வந்தார். இளமையாகத் தெரிய வேண்டுமென்று முந்தின நாள் டை அடித்திருக்கிறார். நெற்றி தடித்து, இமை இரண்டும் வீங்கி, உள்ளே கண் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது.

“அண்ணாச்சி, டாக்டரைப் பாத்துட்டு ஒரு வாரம் கழிச்சு வாங்க. இந்தப் படத்தக் கொண்டு போனா ஏர்போர்ட்ல வேற ஆளுன்னு திருப்பி அனுப்பிருவான்” என்றேன். அவர் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கவலையோடு கேட்டார்: “ஒரு வாரத்துல வீக்கம் போயிரும், செரி. அதுக்குள்ள அடியில வெள்ளமுடி எட்டிப் பாக்குமே, அதுக்கு என்ன செய்ய?”

அப்பாவின் கண்ணீர்

கடியப்பட்டணம் சர்ச்சில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா சொந்தமாகப் படகு வைத்திருப்பவர், கடுகடுத்த முகம். மகளைக் கைபிடித்துப் பீடம் வரை கூட்டி வரும்போது அவர் கண் இரண்டும் சிவந்து வீங்கி, தண்ணீர் கொட்டியது. கோயிலில் இருந்த பெண்களெல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். லென்ஸ் வழியாகப் பார்த்த எனக்கு மட்டும் அவர் காதோரத்துத் தடிப்பும், கிருதாவுக்குக் கீழே வழிந்திருந்த கறுப்பும் தெரிந்தன.

ஆல்பம் செய்யும்போது அவர் மனைவிக்குப் போன் போட்டு, முகத்துச் சிவப்பையும் வீக்கத்தையும் கம்ப்யூட்டரில் சரிசெய்து தரட்டுமா என்று கேட்டேன். அந்த அம்மா பதறிவிட்டார்: “மாத்தாண்டாம் தம்பி! எனக்க மவளுக்காண்டி அவரு அழுதாருன்னு ஊரே சொல்லுது. அது அப்பிடியே இருக்கட்டும்.”

இலை போட்ட பாக்கெட்

இத்தனையும் பார்த்த பிறகு நான் புத்திசாலியாகிவிட்டேன். டையை விட்டேன். அட்டை முழுக்கப் பச்சை இலை அச்சடித்த மூலிகைப் பொடி வாங்கிக் குழைத்துப் பூசினேன். மறுநாள் காலை ஒரு முகூர்த்தத்துக்குப் படம் எடுக்கப் போக வேண்டும். விடியும்போது கண் திறக்கவில்லை, உதடு தடித்துவிட்டது, மூச்சும் இழுக்க ஆரம்பித்தது. என் மனைவி செல்வி கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றியபோதுதான் உண்மையிலேயே பயந்தேன். ஒன்றும் தெரியவில்லை, அவள் ஜெபிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மூச்சு சீரான பிறகு டாக்டரம்மா கேட்டார், முன்பே அரிப்பு வந்ததுண்டா என்று. டை அடிக்கும்போதெல்லாம் லேசாக வரும் என்றேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும், இனி தொட்டால் இதைவிட மோசமாக வரும் என்று திட்டினார். “இது மூலிகைதானே மேடம்?” என்று முனகினேன். அவர், செல்வி கொண்டுவந்திருந்த பாக்கெட்டைத் திருப்பி, அடியில் இருந்த பொடி எழுத்தை வாசித்துவிட்டுச் சொன்னார்: “இலை அட்டையிலதான் இருக்கு. உள்ள இருக்கது டைதான்.”

அன்றைய முகூர்த்தத்தை, என்னோடு வீடியோ எடுக்க வரும் ஜெபராஜ் இரண்டு கேமராவையும் மாட்டிக்கொண்டு ஓடி ஓடிக் காப்பாற்றினான்.

வெள்ளைத் தலை

முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, வெள்ளைத் தலையோடு நான் போன முதல் கல்யாணம் மயிலாடியில். கிழவனுக்கு எவன் ஆர்டர் கொடுப்பான் என்ற பயத்தில் தொப்பி வைத்திருந்தேன். வெயில் தாங்காமல் அதைக் கழற்ற வேண்டியதாயிற்று. மாப்பிள்ளையின் சித்தப்பா, சிலை செதுக்குகிறவர், என் தலையைச் சுற்றிவந்து பார்த்தார். “தல நல்ல அம்சமா இருக்கு வே. ஆனா மாப்பிள பக்கத்துல மட்டும் நிக்காண்டாம், மாமனாருன்னு நெனச்சுக் கால்ல விழுந்துருவான்.”

ஆக, நரையை ஊராரிடமிருந்து மறைக்கலாம் என்று கிளம்பிய நம் கூட்டத்துக்கு, நம்மைவிட நம் தோலுக்குத்தான் ரோஷம் அதிகம் என்று ஒத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.