பத்து டெசிபெல்

பயப்படுவதற்குக் காரணம் தேடிப் போகிற பிறவி நான். காரணம் தானாக வந்து கதவைத் தட்டினால் விடுவேனா? டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில், மின்கருவிகளைச் சோதிக்கும் கூடமொன்றில் சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பத்தொன்று. முதல் மூன்று மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் பிடிக்கவில்லையென்றால் இரண்டு கிழமை அறிவித்தலோடு அனுப்பிவிடலாம். ஹேர்னிங்கில் ஒன்பது வருடம் துணித் தொழிற்சாலையில் நின்று, பிறகு ஓகூஸில் என் பிள்ளைகளின் வயதுக்காரரோடு உட்கார்ந்து மறுபடியும் படித்து எடுத்த வேலை அது. இதையும் இழந்தால் எங்கே போய் நிற்பேன் என்ற யோசனை ஒவ்வொரு காலையும் என்னோடு காரில் ஏறிக்கொள்ளும்.

முதியவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் அவசரப் பொத்தான் ஒன்று எங்களிடம் சோதனைக்கு வந்திருந்தது. விழுந்தவர் அதை அமத்தினால், சுவரில் மாட்டிய பெட்டியிலுள்ள அன்டெனா அந்த அழைப்பை வாங்க வேண்டும். அது எவ்வளவு சக்தியை வாங்குகிறது என்று அளப்பது என் பொறுப்பு. ரேடியோ அலை தெறித்துத் திரும்பாமல் விழுங்கும் பஞ்சுக் கூம்புகள் பதித்த அறையில் ஒரு முனையிலிருந்து அலையை அனுப்பி, மறுமுனையில் அன்டெனாவை வைத்து, கேபிளை வெளியே, வந்த சக்தியைத் திரையில் காட்டும் அனலைசரில் பூட்டினேன். தேவைக்கு மேல் நாலு டெசிபெல் கூடவே வந்தது. புதன்கிழமை அறிக்கை, அதைத் தயாரிக்கப்போகும் வாடிக்கையாளருக்குப் போனது. அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டேன். அதுவே எனக்குச் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேறோர் அன்டெனாவை அளந்தபோது, கணக்குப்படி வரக்கூடியதைவிட அதிகம் வந்தது. அன்டெனா என்ன அட்சயபாத்திரமா? அன்டெனாவைக் கழற்றிவிட்டு, அலை அனுப்பும் கருவியை நேராக அனலைசரோடு இணைத்துப் பார்த்தேன். அங்கேயும் அனுப்பியதைவிடப் பத்து டெசிபெல் கூடக் காட்டியது. பத்து டெசிபெல் என்றால் பத்து மடங்கு. திரையின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் 'ஓஃப்செட் 10' என்று இருந்தது. வருகிற அளவு எதுவானாலும் கருவியே பத்தைக் கூட்டிக் காட்டும் அமைப்பு அது.

அந்த எழுத்தைத் திங்கட்கிழமையே கண்டிருந்தேன். எனக்கு முன் அந்தக் கருவியில் வேலை செய்தவர் இருபத்தேழு வருடமாக அங்கே இருப்பவர். அவர் வைத்துவிட்டுப் போனதை நான் யார் மாற்ற? யாழ்ப்பாணத்தில் நான் படித்த கூடத்தில் நாற்பது பேருக்கு ஒரே கருவி. முன்னவர் வைத்த அமைப்பில் கை வைத்தால் ஆய்வுகூடப் பொறுப்பாளர் எல்லோர் முன்னாலும் கிழிகிழியென்று கிழிப்பார். இங்கேயோ வேலை தொடங்குமுன் எல்லாரும் 'பிரீசெட்' பொத்தானை அமத்தி, பழையதை அழித்துவிடுவார்கள். தண்ணீர் குடிக்கமுன் கோப்பையைக் கழுவுவதைப்போல. கோப்பையைக் கழுவு என்று வளர்ந்த ஆளுக்கு யார் சொல்லித் தருவார்கள்?

இப்போதும் ஒருதரம் அமத்தினால் போதும், தடயமே இராது. பொத்தானின்மேல் விரலை வைத்துக்கொண்டு கணவருக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஹேர்னிங்கில் முதியவர்களை வீடுவீடாகப் போய்ப் பராமரிப்பவர்.

"இஞ்சரும், வாயைத் திறக்காதையும்," என்றார். "இன்னும் ரெண்டு கிழமைதானே கிடக்கு. அதுக்குப் பிறகு பாப்பம்."

"அதுக்குள்ள அவங்கள் பெட்டியைச் செய்து விக்கத் தொடங்கிடுவாங்களப்பா. பிறகு ஆரும் குளிக்கிற அறைக்குள்ள விழுந்து, அமத்தியும் கேக்காட்டி?"

"நான் இப்ப போற வீட்டு மனுசியும் போன மாதம் அப்பிடித்தான் விழுந்தவ," என்றார். "சரி. போய்ச் சொல்லும். வாறது வரட்டும்."

முகாமையாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து திரையைப் பார்த்தார். பிரீசெட்டை அமத்தி அவசரப் பொத்தானின் பெட்டியைத் திரும்ப அளக்கச் சொன்னார். கேபிளைப் பூட்டி அளந்தேன். தேவைக்கு ஆறு டெசிபெல் குறைவு. என் முன்னாலேயே வாடிக்கையாளரை அழைத்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. மேலங்கியை மாட்டிக்கொண்டு, கதவடியில் நின்று டேனிஷில் சொன்னார்: "திங்கட்கிழமை நீ கேக் கொண்டு வா."

எனக்கு விளங்கிவிட்டது. நான் சேர்ந்த பிறகு அங்கே கேக் கொண்டு வந்தவர் ஒரே ஒருவர்தான், வேலையை விட்டுப் போனவர். இந்த நாட்டில் போகிறவர்தான் மற்றவர்களுக்குத் தின்னக் கொடுக்க வேண்டும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் பிழைக்கு இரண்டே நாள்தான் ஆயுள்.

சனியும் ஞாயிறும் எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். ஞாயிறு பின்னேரம் ரவைக் கேக் செய்தேன். முட்டையை அடிக்க அடிக்க அழுகை வந்தது. பழைய தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிக்கும்படி கணவரிடம் சொன்னேன். "முதல்ல கேக் வேகட்டும்," என்றார்.

திங்கட்கிழமை என் கேக்கை மேசையில் வைக்கப் போனால் அங்கே ஏற்கெனவே இன்னொரு கேக் இருந்தது. பக்கத்தில் அந்த இருபத்தேழு வருடக்காரர் நின்றார்.

"ஓஃப்செட்டை எடுக்காமல் போனது நான்," என்றார். "இங்கே பிழை விட்டவர்தான் கேக் கொண்டுவருவது. உனக்கு யாரும் சொல்லவில்லையா?"

இதையும் யாரும் சொல்லவில்லை. கதிரையில் இருந்துவிட்டேன். ஆனாலும் பயம் முழுதாகப் போகவில்லை. கேக் பிழைக்கு என்றால், வேலைக்கு என்ன முடிவு? கேட்க வாய் வரவில்லை.

முகாமையாளர் என் கேக்கில் ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தார். மென்றவர் சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார். நானும் ஒரு துண்டைப் பிய்த்துத் தின்று பார்த்தேன். சீனியே போடவில்லை.

"இதுவும் பிழைதான்," என்றார். "இதற்கும் ஒரு கேக் இருக்கிறது. அவசரமில்லை, அடுத்த மாதம் கொண்டு வந்தால் போதும்."

என் தகுதிகாண் காலம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. மனதுக்குள் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன். பிறகு சப்பென்று இருந்த அந்தக் கேக்கில் இன்னும் இரண்டு துண்டு வெட்டித் தின்றேன்.