இடம் மாறிய சிரிப்பு

இரவு பத்து மணி நிகழ்ச்சி என்றுதான் பெயர். ஆனால் பதிவு செய்வது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. சிவகாசியில் ஒரு கேபிள் டிவி அலுவலகத்தின் மாடியில், ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்து, மைக்கில் சத்தம் விழும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வேர்த்து ஒழுக உட்கார்ந்து "இந்த இனிய இரவு வேளையில்" என்று ஆரம்பிப்பார்கள். உள்ளூர்ச் சேனல்கள் ஊருக்கு ஊர் முளைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் அங்கே வேலை பார்த்தேன். பேட்டிக்கு ஆள் தேடிப் பிடிப்பது, வந்தவர்களுக்கு முகத்தில் பவுடர் போட்டுவிடுவது, எங்கே பார்த்துப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு.

அந்த நிகழ்ச்சியை இரண்டு பேர் நடத்தினார்கள். வாரத்தின் முதல் பாதி ஒருவர், பின் பாதி இன்னொருவர். இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்காது. இத்தனை வருடம் கழித்து நியாயமாகப் பேசுகிறேன் பேர்வழி என்று அதை மென்று முழுங்க நான் தயாராக இல்லை.

முதலாமவர் அச்சகக்காரர் வீட்டுப் பிள்ளை. சென்னையில் படித்தபோது விடுதியில் ஆங்கிலச் சேனலில் வரும் ராத்திரிப் பேச்சு நிகழ்ச்சிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தவர். அதே மாதிரி ஒரு மேஜை, மேஜைமேல் காபி இல்லாத ஒரு காபிக் கோப்பை, எங்கள் ஊர் வெயிலில் ஒரு கோட்டு. முதலில் நின்றபடி ஊர் சமாச்சாரம் பேசுவார்: மின்வெட்டு, குழாயில் தண்ணீர் வராதது, பஸ் ஸ்டாண்டுப் பள்ளம். அந்தப் பகுதி நன்றாகவே இருக்கும், அதை மறுக்க மாட்டேன். பிறகு விருந்தாளி வந்து உட்காருவார். அங்கேதான் அவருடைய வித்தை. அவர் வாயால் ஜோக்கே சொல்ல மாட்டார். ஒன்றும் தெரியாத மாதிரி ஒரு கேள்வி கேட்பார். விருந்தாளி நம்பிப் பதில் சொல்வார். இவர் மெதுவாகக் கேமரா பக்கம் முகத்தைத் திருப்பி, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, தாடையை இறக்கிக்கொண்டு அப்படியே இருப்பார். அவ்வளவுதான். பார்க்கிற வீடுகளில் எல்லாம் சிரிப்பு.

ஒரு கல்யாணச் சமையல்காரரை அழைத்து வந்திருந்தேன். தன் சாம்பாரை ஒரு மந்திரி மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று அந்த மனிதர் பெருமையாகச் சொன்னார். மந்திரி இப்போது நலமாக இருக்கிறாரா என்று இவர் கேட்டுவிட்டுக் கேமராவைப் பார்த்தார். எல்லாரும் சிரிக்க, சமையல்காரரும் சேர்ந்து சிரித்தார். மாடிப்படி இறங்கும்போது, நல்லாப் பேசினேனாம்மா என்று என்னிடம் கேட்டார். நல்லாப் பேசினீங்க என்றேன்.

இரண்டாமவர் விருதுநகர்க்காரர். ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்கும் பொங்கல் விழாவுக்கும் மைக் பிடித்துப் பேசியே பெயர் வாங்கியவர். வழுக்கை, தொப்பை இரண்டும் உண்டு. இரண்டையும் வைத்தே பாதி நிகழ்ச்சியை ஓட்டிவிடுவார். வாரப் பத்திரிகைகளில் எப்போதோ வந்த துணுக்குகளை ஊர்ப் பெயர் மாற்றிச் சொல்வார். ஜோக் முடிவதற்குள் தானே சிரித்துவிடுவார். விருந்தாளியைப் பேச விடவே மாட்டார். கண் டாக்டர் ஒருவர் முழு நிகழ்ச்சியும் உட்கார்ந்திருந்து, வணக்கமும் நன்றியும் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் நிகழ்ச்சியிலிருந்து யாரும் அடிபட்டுப் போனதில்லை என்று அலுவலகத்தில் அவரை மெச்சுவார்கள். எனக்கு அது பொறுக்காது. மிச்சப் பாதி நிகழ்ச்சி முழுக்க அவர் மனைவியைப் பற்றித்தான். பூரிக்கட்டை, புடவைக் கடை, மாமியார் வருகை. அந்த அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. சனிக்கிழமைகளில் அவருக்குப் பலகாரம் எடுத்துக்கொண்டு வந்து, கறுப்புத் துணிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். வெளியே கணவர் தன்னை வைத்து ஊரைச் சிரிக்க வைக்கும்போது டிபன் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பார். முதலாமவரிடம் மாட்டிய விருந்தாளியாவது எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். இந்த அம்மா எங்கே போவார்?

நாங்கள் அப்போது ஆமத்தூரில் இருந்தோம். அம்மா, அக்கா, நான். இந்த இரண்டு பேரில் யார் பெரிய ஆள் என்று எனக்கும் அக்காவுக்கும் தினமும் சண்டை. அவள் முதலாமவர் கட்சி.

"அவருக்கு எங்கன நிறுத்தணும்னு தெரியுதுடி. இன்னொருத்தர் சிரிப்பு வர்றதுக்குள்ள அடுத்ததச் சொல்லிருதாரு" என்பாள்.

அவள் சொன்னால் அதில் விஷயம் இருக்கும். அக்காவுக்கு மிமிக்ரி வரும். சினிமா நடிகர்களைச் செய்ய மாட்டாள். அதை எல்லாரும் செய்கிறார்கள் என்பாள். பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், போனில் கத்திப் பேசும் எங்கள் அத்தை, இவர்கள்தான் அவளுடைய ஆட்கள். குரலை ரொம்ப மாற்ற மாட்டாள். அவர்கள் எங்கே மூச்சு வாங்குவார்கள், எந்தச் சொல்லை முழுங்குவார்கள் என்பதைப் பிடித்துவிடுவாள். ஆனைக்குட்டம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தபோது, வெடிமருந்து பற்றிக்கொண்டு கழுத்திலிருந்து இடது கன்னம்வரை வெந்துபோனது. தேறி எழுந்த பிறகு காலண்டர் கம்பெனியில் அட்டையில் தேதித்தாள் கட்டு வைத்துப் பின் அடிக்கும் வேலைக்குப் போனாள். மிமிக்ரி மட்டும் நிற்கவில்லை.

நிகழ்ச்சிக்கு வருகிறேன் என்று அவளேதான் கேட்டாள். பின் பாதி வாரத்தில் வா என்றேன். கேட்கவில்லை. "வந்தா அவர் முன்னாலதான்டி உக்காருவேன்" என்றாள். எனக்கு மனசே இல்லை. ஆனாலும் பேசி ஏற்பாடு செய்தேன்.

தீபாவளி நெருங்கிய நேரம். காலண்டர் சீசனும் அதுதான். லீவு தர மாட்டேன் என்றவர்களிடம் சண்டை போட்டு அரை நாள் வாங்கிக்கொண்டு, அரக்குக் கலர் சேலை கட்டி வந்தாள். நான் பவுடர் எடுத்துப் போனபோது தழும்பின்மேல் போட வேண்டாம் என்றுவிட்டாள்.

உட்கார்ந்த உடனே ஆரம்பித்தாள். ஆலைப் போர்மேன் அதிகாரி வரும் நாளில் எப்படிப் பேசுவார், வராத நாளில் எப்படிப் பேசுவார் என்று செய்து காட்டினாள். கேமராமேன், லைட் பிடிப்பவர், அடுத்த பேட்டிக்காகக் காத்திருந்த இரண்டு பேர், நான், எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தோம். முதலாமவருக்குக் கேமரா பக்கம் திரும்ப இடமே கிடைக்கவில்லை. அவர் கை அந்தக் காலிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றி நகர்த்திக்கொண்டிருந்தது. பிறகு அக்காவின் கழுத்தைக் காட்டி, அது என்ன டிசைனா என்று கேட்டார். கம்பெனியில் மருந்து பற்றிக்கொண்டது என்று அக்கா சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்போ உங்களுக்குத் தீபாவளி முன்னாடியே வந்திருச்சு" என்றார் அவர். சொல்லிவிட்டு மெதுவாகக் கேமராவைப் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை. லைட் பிடித்தவர் தரையைப் பார்த்தார். அப்புறம் அக்காவும் அதே கேமரா பக்கம் மெதுவாகத் திரும்பினாள். ஒரு புருவம் மட்டும் மேலே போனது. தாடை இறங்கியது. கை நீண்டு அவருடைய கோப்பையைத் தொட்டு அரை வட்டம் நகர்த்தியது. அச்சு அசல் அவர்.

சிரிப்பில் அறை வெடித்துவிட்டது. கேமராமேனுக்குத் தோள் குலுங்கியது. சிரித்து முடிக்கையில் அவருக்கு எப்போதும் இருமல் வரும், அன்றைக்கும் வந்தது. நான் அழுகையும் சிரிப்புமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். முதலாமவரும் புன்னகை செய்து, பிரமாதம் என்று சொல்லி நிகழ்ச்சியை முடித்தார். பஸ்ஸில் வீடு திரும்பும்போது அக்காவின் முகம் அப்படி இருந்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

ஒளிபரப்பான அன்று அக்கம்பக்கத்தார் எல்லாரும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். போர்மேன் வந்தது, பாதி வெட்டப்பட்டு. கழுத்தைப் பற்றிய கேள்வி வந்தது. தீபாவளி ஜோக் வந்தது. அவர் கேமராவைப் பார்த்தார். உடனே சிரிப்பு. அறையே வெடிக்கிற சிரிப்பு, கடைசியில் கேமராமேனின் இருமலோடு. அதற்குப் பிறகு நன்றி, வணக்கம். அக்கா திரும்பியதும் இல்லை, புருவம் தூக்கியதும் இல்லை. அவளுக்கு விழுந்த சிரிப்பை அறுத்து எடுத்து, அவர் தன் ஜோக்குக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பில் என் குரல் தெளிவாகக் கேட்டது.

அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அம்மா என்னைப் பார்த்து, "நீயுமாடி சிரிச்ச?" என்று கேட்டாள்.

அக்காதான் நடந்ததை அம்மாவுக்கு விளக்கினாள். நான் கொதித்துப்போய், தழும்பைப் பார்த்து அப்படிச் சொல்ல எப்படி மனசு வந்தது என்று கத்திக்கொண்டிருந்தேன். அவள் என்னை அடக்கினாள்.

"தழும்பப் பத்திச் சொன்னது போகட்டும்டி. அந்த மாதிரி பஸ்ஸுல தெனமும் கேக்கேன். எனக்கு விழுந்த சிரிப்ப எடுத்து அவனுக்கு வச்சுக்கிட்டான் பாரு. அதத்தான் என்னால தாங்க முடியல."

அதுவரை அவர் என்றே சொல்லிவந்தவள் அன்றைக்கு அவன் என்றாள்.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் அலுவலகத்துக்குப் போனோம். சேனல் முதலாளி அண்ணாச்சி, "வாங்க, சாப்பிட்டீகளா" என்று உட்கார வைத்து, காமெடியை இவ்வளவு பெரிதாக எடுக்கக்கூடாது என்றார். வெட்டாமல் முழுசாக ஒரு தடவை போடுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றாள் அக்கா. அப்போது முதலாமவர் வந்தார். நேரம் போதவில்லை, எடிட்டிங்கில் இதெல்லாம் சகஜம் என்று மெல்லிய குரலில் எடுத்துச் சொன்னார். அந்தக் குரல்தான் எனக்கு ஆத்திரம் மூட்டியது.

"நேரம் பத்தலைன்னா சிரிப்பையும் சேத்து வெட்டியிருக்கணும். அத மட்டும் எதுக்கு எடுத்து வச்சீங்க?" என்று கேட்டேன்.

"நிகழ்ச்சி என் பேர்லங்க நடக்குது" என்றார்.

அவர் வீட்டு அச்சகம்தான் சேனலுக்குப் பெரிய விளம்பரதாரர். அண்ணாச்சி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பேசிய அந்த டேப்பில் மறுநாளே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்துவிட்டதாகக் கேமராமேன் பிறகு என்னிடம் சொன்னார். ஆக, அக்கா செய்ததற்கு அந்த அறையில் இருந்தவர்களைத் தவிர சாட்சி இல்லை.

விஷயம் இரண்டாமவர் காதுக்குப் போனது. வியாழக்கிழமை உங்கள் அக்காவைக் கூட்டி வாருங்கள் என்றார். போட்டிக்காரரை மட்டம் தட்ட எங்களைப் பயன்படுத்துகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். "ஆமா, அவனுக்கு எரியட்டும்னுதான் கூப்பிடுதேன்" என்றார், கொஞ்சமும் கூசாமல். அக்கா ஒத்துக்கொண்டாள். என்னைப் பேச விடுவாரா என்பதுதான் அவளுக்குக் கவலை.

விடவில்லை. தொப்பை, வழுக்கை, துணுக்கு என்று அவரே பேசிக்கொண்டு போனார். அக்கா வாயைத் திறக்கும் போதெல்லாம் குறுக்கே விழுந்தார். அவள் ஏதாவது செய்துவிடுவாளோ என்ற பயமும் இருந்திருக்கும். கடைசியில் மனைவி ஜோக்குக்கு வந்தார். எங்கள் வீட்டில் பேச்சு அவளுடையது, மூச்சு மட்டும் என்னுடையது என்று ஆரம்பித்துச் சிரித்தார். அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் அக்கா கேட்டாள்.

"உங்களப் பத்தி அவுக சொல்லுத காமெடிய எந்தச் சேனல்ல போடுவீக?"

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்து அவர் பேசாமல் இருந்தது அப்போதுதான். அந்த நிசப்தத்தில் கறுப்புத் துணிக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. பள்ளி விடுமுறையோ என்னவோ, அன்றைக்கு அந்த அம்மா வந்திருந்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், மறுபடியும் சிரித்தார். இரண்டாமவர் துணிப் பக்கம் பார்த்தார். "என்னய நல்லா மாட்டிவிட்டுட்டீகளே" என்று அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார்.

இதுவும் காணாமல் போகும் என்றுதான் நினைத்தேன். ஆனால் கேள்வி, அவர் திறந்த வாய், நிசப்தம், துணிக்குப் பின்னாலிருந்து வந்த சிரிப்பு, எல்லாம் அதனதன் இடத்தில் அப்படியே ஒளிபரப்பானது. ஏன் வெட்டவில்லை என்று அவரிடம் கேட்டேன். நன்றாக இருந்தது, அதனால்தான் என்றார். அதற்காக அவரைப் பிடித்துப்போயிற்று என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரமே அதே பூரிக்கட்டையோடு வந்துவிட்டார்.

தீபாவளி முடிந்ததும் அந்த வேலையை விட்டேன். விருதுநகரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை ஒன்றில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் வேலை கிடைத்தது. முதலாமவருக்கு ஒரு குறையும் வரவில்லை. அதற்குப் பிறகும் சில வருடங்கள் ஊர் அவரைக் கொண்டாடியது. கல்லூரி விழாக்களுக்குக் கூப்பிட்டார்கள், சால்வை போட்டார்கள். பெரிய சேனல்கள் ராத்திரி முழுக்க சினிமா காமெடி போட ஆரம்பித்ததும் உள்ளூர் நிகழ்ச்சியைப் பார்க்க ஆள் இல்லாமல் போனது. அவர் அச்சகத்துக்கே திரும்பிவிட்டார்.

கடைசியாக அவரைப் பார்த்தது சூலக்கரைப் பக்கம் ஒரு மண்டபத்தில், கல்யாணப் பந்தியில். கை கழுவிக்கொண்டிருந்த என்னிடம் அவரே வந்து, அக்கா நலமா என்று விசாரித்தார். சாத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது என்றேன். அவங்க பெரிய திறமைசாலி, நான்தான் அவங்களை முதலில் டிவியில் காட்டினேன் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

"அவளக் காட்டுனீங்க. அவ செஞ்சதத்தான் காட்டல" என்றேன்.

இன்னுமா அதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று சிரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். "அவன்தான் மொதல்ல காட்டுனான்னா சொன்னான்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். சொன்னான் என்றேன். "அன்னைக்குச் சிரிப்ப எடுத்தான், இன்னைக்கு என்னையவே எடுத்து அவனுக்கு வச்சுக்கிட்டான் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.